நுரையீரல் யாருக்குப் போனது? ஒரு காட்டுப்பன்றியும் ஐந்து நாய்களும்

இங்கே வரும் தோட்டத்துக்குப் பெயர் கிடையாது. ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் காடுமாக, சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் இலங்கை மலையகத் தோட்டங்களில் நடக்கக்கூடியவற்றை ஒரே பன்றியில் கோர்த்து, களத்தில் வேலை செய்பவர்களுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஆட்களும் நாள் கணக்கும் பரிசோதனை முடிவுகளும் மாதிரிக்கு உரியவை. ஒட்டுண்ணிகளின் குணம், மருந்தளவு, வெப்பநிலை எல்லாம் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

நடந்தது

சனிக்கிழமை விடியற்காலை, காட்டோரத்து ஆறாம் நம்பர் மலையில் கட்டியிருந்த கம்பிச் சுருக்கில் ஓர் ஆண் காட்டுப்பன்றி சிக்கியிருந்தது. எடை 60 கிலோ இருக்கும். அங்கேயே குத்திக் கிழித்துக் குடலை எடுத்தார்கள். குடலும் இரைப்பையும், பீலிக்கு (குடிதண்ணீர் பிடிக்கும் குழாய்) மேலே போகும் கானில் (வடிகாலில்) வீசப்பட்டன. உடலை நான்காக வெட்டி உரச்சாக்கில் போட்டு முதுகில் சுமந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். 17 வீடுகளுக்குப் பங்கு போனது. ஈரலின் நல்ல பாகத்தை அன்றிரவே மெல்லிசாக அரிந்து, மிளகுத்தூள் போட்டு, தாச்சியில் இரண்டு புரட்டுப் புரட்டி பைட்டாக (குடிக்கும்போது கொறிப்பதாக) அரைவேக்காட்டில் சாப்பிட்டவர்கள் நான்கு பேர். ‘கட்டி கட்டியாக இருந்த’ நுரையீரலை யாரும் எடுக்கவில்லை. கூடவே போயிருந்த நாய்கள் அதை இழுத்துக்கொண்டு போயின.

எட்டாம் நாள், சாக்கைச் சுமந்த 34 வயது ஆணுக்குக் காய்ச்சலும் தலைவலியும் உடம்பு நோவும் தொடங்கின. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பைட் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு மறுநாளே வயிற்றோட்டம்; பத்து நாள் கழித்துத் தொடைகளில் வலி. இவை வெளியே வந்த பிறகுதான் பன்றியின் கதை வெளியே வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அரச மிருக வைத்தியரும் பன்னிரண்டாம் நாள் லயத்துக்குப் போனார்கள்.

அந்த முதல் சந்திப்பில்தான் இப்படியான விசாரணைகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. “யார் சுருக்கு வைத்தது?” என்று ஆரம்பித்தால் அன்றோடு கதை முடிந்தது; யாருக்கும் எதுவும் தெரியாது. சுருக்கின் கேடு மலையகத்தில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. அதுவும் பன்றிக்கு வைத்த கம்பி என்றே பேசப்பட்டது. ஆனால் சட்டம் பார்ப்பவர்கள் வேறு, நோய் பார்ப்பவர்கள் வேறு என்பதை லயத்து ஆட்களுக்கு முதலிலேயே புரியவைக்க வேண்டும். இங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி, “குடல், ஈரல், நுரையீரல் எங்கே போனது?” என்பது. அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் பயம் இல்லை. இரண்டு கைபேசிகளில் படங்கள் இருந்தன. கடைக்காரரின் பிரீசரில் நாக்கு, ஒரு பின்னந்தொடை, இதயத்தோடு ஒட்டியிருந்த ஒரு நுரையீரல் துண்டு, ஈரலில் ஓர் ஓரம் ஆகியவை அப்படியே கிடந்தன.

படங்களும் பிரீசரும் சொன்னவை

காட்டுப்பன்றியின் வயிற்றைத் திறந்தால் ஏதாவது ஒரு புழு இருக்கத்தான் செய்யும். மண்ணைக் கிளறி மண்புழு, வண்டுப் புழு, செத்த பிராணி, மனிதக் கழிவு என்று எதையும் தின்னும் மிருகம் அது. ‘புழு இருந்ததா’ என்று கேட்பதில் பயன் இல்லை. எந்தப் புழு, எந்த உறுப்பில், அதன் அடுத்த வீடு யார் என்பதுதான் முக்கியம்.

ஈரலின் ஓரத்தில் பால் தெறித்ததுபோல் 5 முதல் 10 மில்லிமீற்றர் வரையான வெண்புள்ளிகள். பன்றி உருளைப்புழுவான அஸ்காரிஸ் சூமின் குஞ்சுகள் ஈரலைத் துளைத்துப் போன தடம் அது. ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டவருக்கு அந்தத் தழும்பால் கேடு இல்லை. கானில் வீசிய குடலில் இருந்த புழுக்களின் முட்டைகள்தான் மண்ணில் சில வாரம் பழுத்து, பீலித் தண்ணீரோடும் கீரையோடும் மனிதரின் வாய்க்கு வரக்கூடியவை.

நுரையீரலின் பின்முனையில் ஒரு அங்குலத்தை வெட்டிப் பிதுக்கியதும் மூச்சுக்குழல் கிளையிலிருந்து 4–5 சென்டிமீற்றர் நீள வெள்ளை நூல்கள் சுருள்சுருளாக வந்தன. மெட்டாஸ்ட்ரோஞ்சிலஸ் என்ற நுரையீரல் புழு. இளம் கட்டம் மண்புழுவுக்குள் வளர்வதால் ஈரமண் உள்ள இடமெல்லாம் பன்றிகளுக்கு இது சர்வசாதாரணம். பார்க்க அருவருப்பு, மனிதருக்கு ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகக் கொழுப்பில் சீழ்ப்பையும் அதற்குள் 2–4 சென்டிமீற்றர் தடித்த புழுவும் இருந்தால் அது ஸ்டெபானூரஸ். இந்தப் படங்களில் அது இல்லை. இருந்திருந்தாலும் அதுவும் பன்றியின் வியாதியே.

ஒரு படத்தில், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில் தேசிக்காய் அளவில் தெளிந்த தண்ணீர்ப் பை ஒன்று தொங்கியது. உள்ளே அரிசி மணிபோல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ‘கறி பழுது’ என்று நான்கு வீட்டுக்காரர்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்தது இதைப் பார்த்துத்தான். இது டீனியா ஹைடாடிஜினா என்ற நாய் நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் தின்றால் நாய்க்குள் வளரும்; மனிதருக்குள் வளராது. பயந்தவர்கள் பயந்தது தேவையில்லாத இடத்தில்.

பயப்பட வேண்டியது பிரீசரில் இருந்த நுரையீரல் துண்டுக்குள் மூன்று கட்டிகளாக இருந்தது. பெரியதன் குறுக்களவு 3 சென்டிமீற்றர். தொங்கும் பை மெல்லிய தோல் உடையது, கையால் தூக்கிப் பிடிக்கலாம். இதுவோ நுரையீரலின் சதைக்குள் புதைந்திருந்தது. வெட்டியதும் வெளியே சாம்பல் நிறத் தடித்த உறை. அதற்குள்ளே அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போன்ற இன்னொரு படலம். விளிம்பைக் கவ்வியால் பிடித்து இழுத்தால் கிழியாமல் உரிந்து, தானாக வெளிப்புறம் சுருண்டுகொண்டது. இந்தச் சுருளும் படலம் இருந்தால் அது ஹைடாடிட் நீர்க்கட்டி என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடலாம். எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற, நாயின் குடலில் வாழும் மிகச்சிறிய நாடாப்புழுவின் இளம்பருவம். இலங்கையில் இது புதிதும் அல்ல. மாடு, நாய் ஆகியவற்றிலும், 1960களின் தொடக்கத்திலேயே காட்டு விலங்குகளிலும் பதிவானது.

அடுத்த வேலை, கட்டி மலடா இல்லையா என்று பார்ப்பது. பன்றியின் கட்டிகள் பலவேளை மலடாகவே இருக்கும். அப்படியானால் நாய் தின்றாலும் ஒன்றும் ஆகாது. அடியில் தங்கிய மணல்போன்ற வண்டலில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பத்து மடங்கு லென்சில் பார்த்தால் போதும். மூன்றில் இரண்டு கட்டிகளில் கொக்கி வளையத்தோடு தலைமொட்டுகள் (நாய்க்குள் முழுப் புழுவாக வளரும் இளம் தலைகள்) தெரிந்தன; அவை மலடு இல்லை. உறைந்த பொருள் என்பதால் அவை செத்திருந்தன, உயிர்ப்பைச் சோதிக்க முடியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாய்கள் தின்றது உறையாத, சூடு ஆறாத நுரையீரலை.

காய்ச்சல்காரர்

ஆஸ்பத்திரியில் முதலில் நினைத்தது டெங்கு, பிறகு எலிக்காய்ச்சல். கான் வெட்டுபவர், ஈரத்தில் நிற்பவர் என்பதால் அந்த நினைப்பில் பிழை இல்லை. பதின்மூன்றாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் கிளம்பி உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பரவின. காதுக்குப் பின்னால் மயிருக்குள் உலர்ந்த பொருக்கு ஒன்று. அதற்குள் உண்ணியின் வாய்ப்பாகம்.

செத்த மிருகத்தின் உடம்பு ஆற ஆற உண்ணிகள் அதைவிட்டு இறங்கத் தொடங்கும். சூடான இன்னொரு உடம்பு பக்கத்தில் இருந்தால் அதில் ஏறும். ஈரச்சாக்கைக் கழுத்தோடு அணைத்துச் சுமந்தவருக்குத்தான் அது நடந்தது. மத்திய மலைநாட்டில் உண்ணிவழி வரும் புள்ளிக்காய்ச்சல்கள் நன்றாக அறியப்பட்டவை. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை கொடுத்ததும் 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அதே மருந்து எலிக்காய்ச்சலுக்கும் வேலை செய்யும். மருந்துக்கு அடங்கியதை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. முதல் இரத்தமும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து எடுத்த இரண்டாம் இரத்தமும் சேர்ந்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியதைக் காட்டிய பிறகே உறுதி. இரண்டாம் இரத்தம் எடுக்க ஆள் திரும்பி வரமாட்டார் என்பது எல்லா ஆஸ்பத்திரிக்கும் தெரிந்த சங்கதி. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்த திகதியை எழுதிக் கொடுப்பதும் தோட்ட வைத்திய உதவியாளருக்குச் சொல்லி வைப்பதும் உதவும்.

சுமக்கும் முன் உடலை ஒரு மணித்தியாலம் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழ் நிற்காமல் இருந்திருந்தால் சில உண்ணிகளாவது அங்கேயே இறங்கியிருக்கும். சட்டையைக் கொதிதண்ணீரில் போடுவதும் அன்றிரவே காது, கழுத்து, அக்குள், இடுப்புப்பட்டியைத் தடவிப் பார்ப்பதும் இன்னும் எளிது. ஒட்டிய உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போல் கவ்வியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பீடி நெருப்பு எல்லாம் உண்ணியை இன்னும் கக்க வைக்கும்.

தொடை வலிக்காரர்

இவரில் சந்தேகப்பட்டது ட்ரிக்கினெல்லா. கண்ணுக்குத் தெரியாமல் தசை நாருக்குள் சுருண்டிருக்கும் புழுக்குஞ்சு, நீளம் ஒரு மில்லிமீற்றர் அளவு. சரியாக வேகாத காட்டுப்பன்றி இறைச்சிதான் பல நாடுகளில் இதற்கு முக்கிய வழி. வெப்பமண்டலக் காடுகளுக்கே உரிய ட்ரிக்கினெல்லா பாப்புவே என்ற இனம் 1999 இல் பப்புவா நியூகினியின் பன்றிகளிலிருந்து விவரிக்கப்பட்டது. தாய்லாந்தில் காட்டுப்பன்றிக் கறியால் மனிதரிடமும் கண்டார்கள். நோயின் நடை இப்படி: முதல் சில நாள் வயிற்றுக் கோளாறு, இரண்டாம் வாரத்திலிருந்து காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், இரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வெள்ளையணு வெகுவாக ஏறும், தசை நொதியம் ஏறும்.

நோயாளியின் கண் வீங்கவில்லை. ஈயோசினோபில் 1,100, அதாவது கூடுதல்தான். ஆனால் தோட்டத்தில் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. கொக்கிப்புழு இருந்தாலே இந்த அளவு வரும். மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்தது. தசை நொதியம் சாதாரணம்.

பிரீசர் நாக்கிலிருந்து எடுத்த தசை, இறைச்சியைக் கரைத்துப் புழுக்குஞ்சைத் தேடும் செரிமானச் சோதனைக்குப் போனது. ட்ரிக்கினெல்லா தங்கப் பிடித்த இடங்கள் நாக்கு, தாடைத் தசை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் தூண்கள். பின்னந்தொடையில் தேடுவது இரண்டாம் பட்சம். காட்டுப்பன்றிக்கு ஒரு மிருகத்திலிருந்து குறைந்தது 5 கிராம் கேட்பார்கள். ஒரே பன்றிதான் என்றால் அதிகமாகப் போடுவது நல்லது. 100 கிராம் இறைச்சிக்கு 46–48 பாகை செல்சியஸில் 2 லீற்றர் தண்ணீர், 25% ஹைட்ரோகுளோரிக் அமிலம் 16 மில்லிலீற்றர், பெப்சின் 10 கிராம். வரிசை முக்கியம்: அமிலம் முதலில், பெப்சின் பிறகு. நேர்மாறாகப் போட்டால் பெப்சின் கெடும். கொழுப்பும் தோலும் நீக்கி அரைத்த இறைச்சியைப் போட்டு, காந்தக் கலக்கியில் 30 நிமிடம் ஓடவிட்டு, 180 மைக்ரோன் சல்லடையில் வடித்து, புனலில் 30 நிமிடம் தங்கவைத்து அடிவண்டலைப் பார்க்க வேண்டும். உறைந்த இறைச்சியில் குஞ்சுகள் செத்துச் சுருள் விரிந்து கிடக்கும். சுருளைத் தேடிப் பழகிய கண் அதைத் தவறவிடும். போமலினில் போட்ட இறைச்சி இந்தச் சோதனைக்கு உதவவே உதவாது, அது செரிக்காது. களத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இது. புழுவையும் கட்டியையும் திசுவையும் இறைச்சியையும் ஒரே போமலின் போத்தலில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நுண்காட்டித் திசுவுக்கு 10% போமலின், முழுப் புழுவுக்கு 70% மதுசாரம், செரிமானத்துக்கு ஒன்றும் போடாமல் ஐஸ். மூன்று பொதி.

செரிமானத்தில் எதுவும் இல்லை. எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிய வாரக்கணக்காகும் என்பதால் ஐந்தாம் வாரத்தில் இரத்தம் எடுத்தார்கள், அதுவும் இல்லை. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து விட்டுவிட்டார்கள். மறுநாளே வந்த வயிற்றோட்டத்துக்குக் காரணம் அரைவேக்காட்டு ஈரலா கசிப்பா (கள்ளச்சாராயமா) என்று பிரிக்க வழியில்லை.

அதே தொடையிலிருந்து எதிர்பாராத ஒன்று கிடைத்தது. தசைகளுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சவ்வில், நாடா போல, கணு இல்லாமல், 12 சென்டிமீற்றர் நீளத்தில் ஒன்று. வீடுகளில் கறி வெட்டிய இரண்டு பேர் ‘அப்படி நரம்பு நிறைய இருந்தது’ என்றார்கள். நரம்பு நீளவாக்கில் நார் நாராகக் கிழியும். இது கிழியாது, நசுங்கும். உறையாத இறைச்சியில் கண்டால், லீற்றருக்கு 9 கிராம் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம். சில நிமிடத்தில் ஒரு முனை சுருங்கி நீளும். ஸ்பைரோமீட்ரா என்ற பூனை, நாய் நாடாப்புழுவின் இளம்பருவம், ஸ்பார்கனம். அரைவேக்காட்டில் உயிரோடு உள்ளே போனால் மனிதத் தோலுக்கடியில் கட்டியாக அலையும், கண்ணுக்கும் போகலாம். வெந்துவிட்டால் வெறும் சதை.

வேகவைப்பதுபற்றி

1,500 மீற்றரில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் 94. மலையில் கறி வேகாது என்ற பேச்சு இதிலிருந்து வருகிறது. ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை இது பொருட்டே இல்லை. துண்டின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டால் ட்ரிக்கினெல்லா, டொக்சோபிளாஸ்மா (கருவுக்குக் கேடு செய்யக்கூடிய நுண்ணிய ஒட்டுண்ணி), ஸ்பார்கனம், நாடாப்புழுக் கட்டி எதுவும் பிழைக்காது. தடையாக இருப்பது துண்டின் பருமன். 3 சென்டிமீற்றருக்கு மேற்படாத துண்டுகளாகக் கொதி வந்த பின் முக்கால் மணித்தியாலம் வைத்தால் எலும்போரமும் சேர்ந்து வெந்துவிடும். பிரஷர் குக்கர் இருந்தால் கேள்வியே இல்லை. லயத்தில் காட்டுப்பன்றிக் கறியைக் குழம்பாக வைக்கும் வழமையான முறை போதுமான பாதுகாப்பு. ஆபத்து எல்லாம் பைட்டில்தான் இருக்கிறது.

அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிடுவதும் உப்புத் தடவி வெயிலில் போடுவதும் இறைச்சியை அழுகாமல் காக்கும், புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மலையகத்து மூடுபனியில் வெயிலை நம்புவது அதைவிட மோசம். பிரீசர் கணக்கு பண்ணைப் பன்றிக்கு எழுதியது: 15 சென்டிமீற்றருக்குள்ளான பருமனில், −15 பாகையில் 20 நாள். மின்வெட்டு, நாளுக்கு இருபது தடவை திறக்கும் கடைப் பிரீசர், காட்டு மிருகம், இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

பங்கு போன வீடுகளில் ஒரு கர்ப்பிணி இருந்தார். அவருக்கு டொக்சோபிளாஸ்மா பற்றிக் குடும்பநல உத்தியோகத்தர் சொன்னதில் முக்கியமானது கறியைப் பற்றியது அல்ல, பலகையைப் பற்றியது. கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே வெங்காயம் வெட்டிச் சம்பல் போடுவதுதான் பச்சையாக வாய்க்குப் போகும் வழி.

நாய்கள்

நீர்க்கட்டியைத் தின்பதால் மனிதருக்கு ஹைடாடிட் வராது. கையில் பட்டாலும் வராது. கட்டியில் இருப்பது நாய்க்குள் வளரும் பருவம். மனிதரைப் பிடிப்பது நாயின் மலத்தில் வரும் முட்டை. பன்றியை அறுத்தவரைவிட, இரண்டு மாதம் கழித்து அந்த நாயைத் தடவிவிட்டு ரொட்டி தின்னும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அந்தப் பிள்ளைக்கு ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி தெரியவர வருடங்கள் ஆகும். அப்போது இந்தப் பன்றியை யார் நினைப்பார்கள்?

அமேசன் காட்டில் இதே வேலை வேறு வேஷத்தில் நடக்கிறது. அங்கே பாக்கா என்ற பெரிய கொறிணியை வேட்டையாடி அதன் ஈரலை நாய்க்குப் போடுகிறார்கள். எகினோகாக்கஸ் வோகெலி என்ற உறவினப் புழு அந்த நாய்வழி வீட்டுக்கு வருகிறது. மிருகம் எதுவானாலும் வேட்டைக்காரரின் தாராள மனசுதான் பாலம்.

நுரையீரல் தின்ற நாய் உடனே முட்டை போடாது. புழு முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஆறு ஏழு வாரம் பிடிக்கும். அதற்குள் பிரசிகுவான்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுத்துவிட்டால் ஒரு முட்டைகூட மண்ணில் விழாது. பதினாறாம் நாள் நுண்காட்டி முடிவு வந்தது. பதினேழாம் நாள் மருந்து. அவகாசம் தாராளமாக இருந்தது.

அளவு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். நாய்களை எடை போட்டது கொழுந்துத் தராசில்: சாக்கில் நாயை உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டிச் சாக்கின் எடையைக் கழித்தார்கள். 9, 12, 14, 18 கிலோ. 50 மில்லிகிராம் மாத்திரையில் முறையே ஒன்று, ஒன்றரை, ஒன்றரை, இரண்டு. கணக்கு அரைகுறையாக வந்தால் மேல்பக்கம் முழுமையாக்க வேண்டும். குறைத்துக் கொடுப்பதுதான் பிழை, இந்த மருந்தில் கொஞ்சம் கூடினால் கேடில்லை. மாத்திரை கசக்கும். கடித்துவிட்டால் நுரை தள்ளித் துப்பும். பணிஸ் துண்டுக்குள் கருவாட்டுத் தூளோடு வைத்து முழுசாக விழுங்கவைத்து, பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வீட்டார், ‘நாய்க்குப் பூச்சி மருந்து போன மாதமே கொடுத்துவிட்டோம்’ என்றார்கள். அது பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த மெபெண்டசோல் மாத்திரை. ஒரு வேளை மெபெண்டசோலோ ஐவர்மெக்டினோ இந்த நாடாப்புழுவைத் தீர்க்காது. ‘மலத்தில் புழு இல்லையே’ என்றார் இன்னொருவர். புழுவின் நீளமே 2 முதல் 7 மில்லிமீற்றர், தெரியாது.

மருந்துக்குப் பிறகு 48 மணித்தியாலம் நாய்களைக் கட்டிவைத்து, அந்த மலத்தை எல்லாம் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். பிரசிகுவான்டல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அவகாசத்துக்குள் கொடுத்தபோது முட்டை இருக்காதுதான், ஆனாலும் எந்த நாய் போன மாதம் எதைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்? பன்றி விழும் தோட்டத்தில் ஆறு வாரத்துக்கொரு முறை மருந்து தொடர வேண்டும்.

கழிவுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒரு மீற்றர் ஆழக் குழி; மலையில் அரை மீற்றரிலேயே பாறை தட்டும், அப்போது மேலே கனத்த கல் அடுக்கினால்தான் நாயும் பன்றியும் தோண்டாது. அல்லது ஈரல், நுரையீரலைக் கீறி, டின் ஒன்றில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்து நாய்க்குப் போடுவது. நாய்க்குப் போடாதே என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. அவித்துப் போடு என்றால் கேட்கிறார்கள். வளர்ப்புப் பன்றி இருந்தால் மட்டும் அவித்தும் போடக்கூடாது: 2024 இல் இலங்கைக்கு வந்த ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, பன்றிக்கூட்டைத் துடைத்துவிடும்.

ஐந்தாவது நாய்

படங்களில் ஐந்து நாய்கள் நின்றன. மருந்து போனது நான்குக்கு. வால் குட்டையான கறுப்பு நாய் பக்கத்து டிவிஷனிலிருந்து வந்தவரோடு வந்தது, அவரோடு போய்விட்டது. அது கிடைத்தது 51ஆம் நாள். ஏழு வாரம் தாண்டிவிட்டதால் முட்டை போடத் தொடங்கியிருக்கலாம் என்று வைத்துத்தான் நடந்தார்கள்: மருந்து, மூன்று நாள் கட்டு, மலம் முழுக்கத் தீ.

பிறகு அது எங்கே படுக்கும் என்று கேட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக்காம்பராவின் திண்ணையில், வெயில் வரும் மூலையில். பக்கத்தில் பிள்ளைக்காம்பராவுக்கான லீக்ஸ் பாத்தி. ஃபினைலும் டெட்டோலும் இந்த முட்டையை ஒன்றும் செய்யா. குளிர்ந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். சூடும் உலர்ச்சியும்தான் அதன் எதிரி. திண்ணையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை இரண்டு தரம் ஊற்றினார்கள். பாத்தியின் மேல்மண்ணை நான்கு விரல் ஆழத்துக்கு வழித்துக் குழியில் போட்டு மூடி, லீக்ஸைப் பிடுங்கி எரித்தார்கள். சுற்றி நாய் நுழையாதபடி மூங்கில் தட்டி கட்டப்பட்டது. அங்கே பகலில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் சுகாதார வைத்திய அதிகாரியின் பதிவில் எழுதப்பட்டன. அருகே ஒரு குறிப்பு: வயிற்றிலோ நெஞ்சிலோ விளங்காத கட்டி என்று எந்த வருடம் வந்தாலும், ஊசி குத்திப் பார்க்கும் முன் ஸ்கேன்.